கவுந்தா என்ன பண்ணுவ? ஒரு சின்ன படகோட பெரிய கதை

போன வாரம் ஒரு மெசேஜ். எங்க ஆஸ்பத்திரியில ஹவுஸ் சர்ஜனா இருந்த தம்பி. இப்போ கடலோர ஆரம்ப சுகாதார நிலையம் ஒண்ணுல வேலை.

"சார், ஒரு சிட்-ஆன்-டாப் கயாக் வாங்கலாம்னு இருக்கேன். மீன் பிடிக்கவும் வேணும், ஞாயித்துக்கிழமை சும்மா துடுப்பு போடவும் வேணும். பத்து மாடல் பாத்துட்டேன், ஒண்ணும் புரியல. எது வாங்கலாம்?"

நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, கவுந்தா என்ன பண்ணுவ?"

"எனக்கு நல்லா நீச்சல் தெரியும் சார்"னு பதில் வந்துச்சு.

கேஷுவால்டி டூட்டி பார்த்த எல்லாருக்கும் இந்த வாக்கியம் தெரியும். தண்ணியில மூழ்கினவரைத் தூக்கிட்டு வர்றப்போ கூட வர்ற அண்ணனோ மச்சானோ சொல்றது இதான். "நல்லா நீச்சல் தெரியும் சார் அவனுக்கு."

அதனால அவருக்கு அனுப்ப வேண்டிய பதிலை இங்கேயே எழுதுறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து படிங்க.

உலகத்துல ஒருத்தர் உட்கார்ந்து போற சின்னப் படகு எதை எடுத்தாலும், அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு ஊரும் சொன்ன பதில்தான் அந்தப் படகோட வடிவம். கலரு, கப் ஹோல்டர், தூண்டில் சொருகுற ஓட்டை எல்லாம் அப்புறம் வந்தது.

முதல்ல கிரீன்லாந்து.

கயாக் என்கிற சொல்லே ஆர்க்டிக் மக்களோடது. அவங்க உச்சரிப்புல 'கயாக்'னு தொண்டையில இருந்து வரும். மரமே இல்லாத நாடு. கடல் அடிச்சுட்டு வந்து கரையில போடுற கட்டைகளைச் செதுக்கி எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டம் கட்டி, மேல சீல் தோலைப் போர்த்தித் தைப்பாங்க. தைக்கிறது பெண்கள் வேலை. தண்ணி ஒரு சொட்டு உள்ள வராத தையல். அந்தத் தையல் பிரிஞ்சா வீட்டுக்காரர் திரும்ப மாட்டார், அவ்வளவு பொறுப்பு.

அளவு எடுக்க டேப் கிடையாது, உடம்புதான் அளவுகோல். நீளம் ரெண்டு கையையும் விரிச்சா வர்ற அளவுல சுமார் மூணு மடங்கு. அகலம் இடுப்பு அளவோட ரெண்டு கைமுட்டி. அதாவது ஒருத்தருக்குச் செஞ்ச கயாக் இன்னொருத்தருக்கு ஒத்து வராது. கண்ணாடி பவர் மாதிரி.

மேல் பக்கம் முழுக்க மூடி இருக்கும், நடுவுல இடுப்பு நுழையற ஓட்டை மட்டும். வேட்டைக்காரர் சீல் தோல் சட்டை போட்டு, அதோட கீழ் விளிம்பை அந்த ஓட்டையோட வளையத்துல இறுக்கிக் கட்டிருவார். இப்போ படகு வேற, ஆள் வேற இல்ல. இடுப்புக்குக் கீழ படகு, மேல மனுஷன்.

கவுந்தா? வெளியே வர மாட்டார். தலைகீழாத் தொங்கிட்டே துடுப்பை ஒரு வீச்சு வீசி, அப்படியே சுத்தி மேல வந்துருவார். இன்னைக்கு உலகம் முழுக்க 'ரோல்'னு சொல்லிக் கொடுக்கிற வித்தை இதுதான். அவங்களுக்கு அது விளையாட்டு இல்ல. அந்தத் தண்ணியில இறங்கி நீந்துறது என்கிற வழியே கிடையாது. அங்க போன ஐரோப்பியப் பயணிகள் ஆச்சரியப்பட்டு எழுதின விஷயம், கடல்லயே வாழுற இந்த ஆட்களில் பெரும்பாலானவங்களுக்கு நீச்சலே தெரியாது.

ஏன்னு டாக்டரா சொல்றேன். உறையற நிலையில இருக்கிற தண்ணிக்குள்ள விழுந்தா முதல் ஒரு நிமிஷம் மூச்சு உங்க கன்ட்ரோல்ல இருக்காது. தானாவே இழுத்து இழுத்து வாங்கும். அந்த நேரத்துல முகம் தண்ணிக்குள்ள இருந்தா அவ்வளவுதான். அது தாண்டினா சுமார் பத்து நிமிஷம் கை கால் வேலை செய்யும், அப்புறம் விரல் மடங்காது. நினைவு போக ஒரு மணி நேரம் வரைக்கும் ஆகலாம். 1-10-1ன்னு மீட்புப் பணியில இருக்கிறவங்க இதை மனப்பாடமா வச்சிருப்பாங்க. நிறைய பேர் உடம்பு வெப்பம் போய் சாகுறதுக்கு முன்னாடி, அந்த முதல் கட்டத்துலயே மூழ்கிடுறாங்க.

இந்த மூடின கயாக்குக்கு ஒரு வியாதியும் உண்டு. மெடிக்கல் காலேஜ்ல யாரும் எனக்குச் சொல்லித் தரல, பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல கிரீன்லாந்துல வேலை பார்த்த ஆல்ஃபிரட் பெர்தெல்சன் மாதிரியான டேனிஷ் டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. நல்ல அனுபவமுள்ள வேட்டைக்காரர். தனியாப் போயிருக்கார். கடல் கண்ணாடி மாதிரி அமைதி, அலையே இல்ல. வெயில் தண்ணியில பட்டுக் கண்ணைக் கூசுது. அசையாம உட்கார்ந்து சீலுக்காகக் காத்திருக்கார். திடீர்னு தலை சுத்துது. படகுக்குள்ள தண்ணி ஏறுற மாதிரி, இடுப்புக்குக் கீழ சில்லுன்னு ஆகுற மாதிரி தோணுது. கை நடுங்குது, துடுப்பைத் தூக்க முடியல. நிஜத்துல படகுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.

இன்னொரு கயாக் பக்கத்துல வந்தாலோ, காத்து அடிச்சு சின்ன அலை எழும்பினாலோ சரியாப் போயிரும். ஆனா ஒரு தடவை வந்தவங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்துச்சு. சில பேர் கடலுக்குப் போறதையே விட்டாங்க. வேட்டைக்குப் போகாத ஆண் அந்த ஊர்ல குடும்பத்தை எப்படிக் காப்பாத்துவார்?

கயாக் பயம்னு பேர் வச்சாங்க. 1963-ல் கஸ்ஸோ என்கிற ஆய்வாளர், புலன்களுக்கு எந்தத் தூண்டுதலும் இல்லாம ஒரே காட்சியைப் பார்த்துட்டு அசையாம இருக்கிறதோட இதைச் சேர்த்துப் பார்த்தார். இப்போ என் ஓ.பி.யில ஒருத்தர் வந்து இதே மாதிரி சொன்னா, பேனிக் அட்டாக் கோணத்துல தான் யோசிப்பேன். எனக்கு இதுல பிடிச்ச விஷயம் மருந்து. இன்னொரு படகு. தம்பி, தனியாப் போகாதன்னு நான் சொல்றதுக்கு இது முதல் காரணம்.

இப்போ ஐரோப்பா. 1907-ல் ஜெர்மனியில ரோசன்ஹைம் ஊர்ல யோஹான் கிளெப்பர் என்கிற தையல்காரர், ஒரு மாணவர் வடிவமைச்ச மடக்குக் கயாக்கை வாங்கித் தயாரிக்க ஆரம்பிச்சார். மரச் சட்டம், ரப்பர் பூசின துணி. மடிச்சுப் பையில போட்டு ரயில்ல ஏத்திட்டுப் போகலாம். தோல் போய்த் துணி வந்துச்சு. மத்தபடி யோசனை அதேதான்.

இந்த மடக்குக் கயாக்ல 1932-ல் ஜெர்மனியில இருந்து கிளம்பின ஆஸ்கர் ஸ்பெக், இந்தியா, இலங்கைக் கரையோரமா எல்லாம் துடுப்பு போட்டு, 1939 செப்டம்பர்ல ஆஸ்திரேலியா பக்கம் கரையேறினார். ஏழு வருஷம். நடுவுல மலேரியா. போய் இறங்கின நேரம் உலகப் போர் ஆரம்பிச்சிருக்கு. எதிரி நாட்டுக்காரர்னு பிடிச்சு முகாம்ல போட்டுட்டாங்க. அவருக்குத் தனி த்ரெட் எழுதணும்.

நான் சொல்ல வந்தது நம்ம ஜாதிக்காரர் ஒருத்தரைப் பத்தி. டாக்டர் ஜாதி. ஹான்னஸ் லிண்டெமான்.

இவருக்கு முன்னாடி 1952-ல் அலைன் பொம்பார்ட் என்கிற பிரெஞ்சு டாக்டர் ரப்பர் படகுல அட்லாண்டிக்கைக் கடந்து, 'கொஞ்சம் கொஞ்சமா கடல் தண்ணி குடிச்சு உயிரோட இருக்கலாம்'னு சொன்னார். லிண்டெமான் நம்பல. கடல் தண்ணியில இருக்கிற உப்பை வெளியேத்த கிட்னிக்கு அதை விட அதிகத் தண்ணி வேணும், அடிப்படை ஃபிசியாலஜி. தானே போய்ப் பார்த்தார். முதல்ல 1955-ல் மரத்தைக் குடைஞ்ச ஓடத்துல அட்லாண்டிக்கைத் தாண்டினார். அடுத்த வருஷம் 1956-ல், கனேரித் தீவுகளோட லாஸ் பால்மாஸ்ல இருந்து, சுமார் 5 மீட்டர் நீளமுள்ள கிளெப்பர் மடக்குக் கயாக்ல பாய் கட்டிட்டுக் கிளம்பினார். 72 நாள். கரீபியன்ல சென் மார்ட்டின் தீவுல இறங்கினார். கடல் தண்ணி விஷயத்துல அவர் சொன்னதுதான் நின்னுச்சு. தாகத்துக்குக் கடல் தண்ணி குடிக்காதீங்க, யார் சொன்னாலும்.

அந்தப் பயணத்துல ஒரு ராத்திரி இருக்கு. 50 நாள் தாண்டின பிறகு, புயல்ல படகு கவுந்துருச்சு. இருட்டு. அலை பெருசு. அந்த இருட்டுல நிமிர்த்த முடியாதுன்னு புரிஞ்சு போச்சு. வழுவழுன்னு இருக்கிற அடிப்பாகத்து மேல விடியிற வரைக்கும் படுத்துப் பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தார். விடிஞ்ச பிறகுதான் நிமிர்த்தி, உள்ள ஏறி, தண்ணியை இறைச்சார். சாப்பாடு, சாமான் நிறைய போயிருச்சு. கிளம்புறதுக்கு முன்னாடியே மாசக்கணக்குல மனசைப் பழக்கி வச்சிருந்தார், 'நான் முடிப்பேன்'னு தனக்குத்தானே சொல்லிச் சொல்லி. அது இல்லாட்டி அன்னைக்கு ராத்திரி கையை விட்டிருப்பேன்னு அவரே நினைச்சார்.

மூடின படகு கவுந்தா உள்ள தண்ணி நிறையும். அந்தத் தண்ணியோட அது படகு இல்ல, பாதி முங்கின தொட்டி. உள்ள ஏறினா மறுபடி கவுக்கும். லிண்டெமானுக்கு மனபலமும் அனுபவமும் இருந்துச்சு. 16 வயசுப் பிள்ளைங்களுக்கு?

1993 மார்ச் 22. இங்கிலாந்தோட தெற்குக் கரை, லைம் விரிகுடா. ப்ளைமவுத்ல இருந்து வந்த பள்ளி மாணவர்கள் 8 பேர், ஒரு ஆசிரியர், ரெண்டு பயிற்சியாளர்கள். ரெண்டு மணி நேரத்துல முடிய வேண்டிய சின்னப் பயணம், பக்கத்து ஊருக்கு. எல்லாரும் மூடின கயாக். ஆனா பிள்ளைங்களுக்கு இடுப்பைச் சுத்தி மூடுற அந்தத் துணி மூடி கொடுக்கல. கிரீன்லாந்துக்காரர் சட்டையை வளையத்துல கட்டினார்னு சொன்னேன்ல, அதான் இல்ல.

கிளம்பின கொஞ்ச நேரத்துலயே ஆசிரியர் கவுந்தார். நிமிர்த்தினா மறுபடி கவுந்தார். ஒரு பயிற்சியாளர் அவரோட நின்னுட்டார். இன்னொருத்தர் பிள்ளைங்க படகையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் பிடிக்க வச்சார். காத்து கரையில இருந்து கடல் பக்கம் அடிச்சது. கரையில நிக்கிறவங்களுக்கு அந்தக் காத்துல கடல் அமைதியாத் தெரியும், அலை எல்லாம் உள்ளே போகப் போகத்தான் வளரும். சேர்ந்த படகுகள் அப்படியே ஆழத்துக்குப் போயிருச்சு. அலை திறந்த ஓட்டை வழியா உள்ள கொட்டுச்சு. ஒவ்வொரு படகா நிறைஞ்சு போச்சு. கரையில தகவல் சொல்லவே நேரமாச்சு. ஹெலிகாப்டர் வந்து எடுக்கிறப்போ மணிக்கணக்குல தண்ணியில இருந்திருக்காங்க. நாலு மாணவர்கள் இறந்துட்டாங்க.

அந்த மையத்துல பாதுகாப்பு சரியில்லன்னு, அங்க முன்னாடி வேலை பார்த்த ரெண்டு பேர் ஏற்கெனவே எழுத்துல எச்சரிச்சிருந்தாங்க. 1994-ல் நடத்தின கம்பெனிக்கும் அதோட நிர்வாக இயக்குநருக்கும் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டனை. ஒரு கம்பெனியே அந்தக் குற்றத்துல தண்டனை வாங்கினது இங்கிலாந்து நீதிமன்றத்துல அதுதான் முதல் தடவை. 1995-ல் இளைஞர் சாகச மையங்களுக்குன்னு தனிச் சட்டம் வந்துச்சு.

இந்த வழக்கைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. அதுல அசாதாரணமா எதுவுமே இல்ல. ஒரு துணி மூடி, ஒரு காத்து, ஒரு போன் கால்.

சரி, மூச்சு விட்டுட்டு நம்ம ஊருக்கு வருவோம். ஏன்னா, 'மூடாத படகு' என்கிற இன்னொரு பதிலை ரொம்ப காலமா வச்சிருந்தது நம்ம கரை.

கட்டுமரம். அதுக்கு உள்ளேன்னு ஒண்ணு கிடையாது. லேசான மரக்கட்டைகளை வரிசையா வச்சுக் கயிறால கட்டினது, அவ்வளவுதான். அலை மேல ஏறிப் போகும், இடுக்கு வழியா வடிஞ்சிரும். நிறையறதுக்கு வயிறே இல்லாத படகு எப்படி மூழ்கும்? கவுந்தா திருப்பிப் போட்டு ஏறிக்கலாம். கரைக்கு வந்தா கட்டைப் பிரிச்சு வெயில்ல காய வைப்பாங்க, மரம் தண்ணி குடிச்சு கனமாகாம இருக்க.

வில்லியம் டாம்பியர்னு ஒரு ஆங்கிலேயக் கடலோடி, பாதி கடற்கொள்ளைக்காரர். 1697-ல் வந்த அவரோட பயணப் புத்தகத்துல தென் அமெரிக்கக் கட்டைத் தெப்பங்களைப் பத்தி எழுதுறப்போ நம்ம சோழமண்டலக் கரை ஞாபகம் வந்து, கட்டுமரம்னு பேரையே எழுதி வச்சிருக்கார். ஒத்தை ஆள், காலும் பின்பக்கமும் எப்பவும் தண்ணியில நனைஞ்சுட்டே இருக்கும், தூரத்துல பார்த்தா மீன் மேல சவாரி போற மாதிரி இருக்கும்னு அவரோட வர்ணனை. இன்னைக்கு சிட்-ஆன்-டாப் கயாக்குக்கு ரிவ்யூ போடுறவங்க எழுதுற முதல் குறையும் அதேதான். 'பின்பக்கம் நனையுது.' 300 வருஷமா அதே கம்ப்ளெய்ன்ட்.

மெட்ராஸ்ல துறைமுகம் கட்டாத காலத்துல கப்பல் எல்லாம் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். கரையில அடிக்கிற அலையைத் தாண்டிப் போற தைரியம் வெள்ளைக்காரன் படகுக்குக் கிடையாது. பலகைகளைக் கயிறால தைச்ச மசூலா படகுல ஆளையும் சரக்கையும் கொண்டு வருவாங்க. கடிதம் கொண்டு போறது கட்டுமரக்காரர், கூம்பு மாதிரி தொப்பிக்குள்ள வச்சு. மசூலா கவுந்தா பயணிகளைப் பொறுக்கி எடுக்க கூடவே கட்டுமரம் போகும். அன்னைக்கு அதான் ஆம்புலன்ஸ்.

ஒரு வேடிக்கை. 'கேட்டமரான்'னு இன்னைக்கு உலகம் சொல்றது ரெண்டு உடல் படகை. அந்த வடிவம் பசிபிக் தீவுக்காரங்களோடது. பேர் மட்டும் நம்மளோடது. இதைச் சொல்லிப் பெருமைப்படுற வாட்ஸ்அப் பார்வேர்டுகள்ல முக்கால்வாசி தப்பு. உண்மையான கட்டுமரத்தோட நேரடி உறவுக்காரன் யாருன்னா, ரெண்டு உடல் உல்லாசப் படகு இல்ல, தம்பி வாங்கப் போற இந்தப் பிளாஸ்டிக் கயாக்தான். ரத்த உறவு இல்ல, ஒரே யோசனை ரெண்டு இடத்துல பிறந்த உறவு.

மூணாவது இடமும் உண்டு. பெரு நாட்டுல உவான்சாக்கோ ஊர் மீனவர்கள் இன்னைக்கும் கோரைக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டி, குதிரை மேல உட்கார்ற மாதிரி உட்கார்ந்து கடலுக்குப் போறாங்க. பேரே 'கோரைக் குதிரைக்குட்டி'. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின மோச்சே மண்பாண்டங்கள்லயே அந்த உருவம் இருக்கு. கரைக்கு வந்தா நட்டமா நிறுத்திக் காய வைப்பாங்க. கட்டுமரத்தோட அதே பழக்கம்.

ஆஸ்திரேலியாவுல 1912 வாக்குல போர்ட் மக்குவாரி பக்கம் சிப்பிப் பண்ணை வச்சிருந்த மக்லாரன் சகோதரர்கள் மேல உட்கார்ந்து துடுப்பு போடுற பலகை ஒண்ணு செஞ்சுக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க. 1930-கள்ல அது 'சர்ஃப் ஸ்கீ'ன்னு சிட்னி கடற்கரை மீட்புக் குழுக்கள் கைக்கு வந்துச்சு.

அப்புறம் கலிஃபோர்னியா. 1971, மாலிபு. டிம் நீமியர்னு ஒரு இளைஞர். கடலுக்குள்ள டைவ் அடிக்கப் போகணும், ஆக்ஸிஜன் டேங்க்னு நம்ம சொல்ற அந்தக் காத்து சிலிண்டரை (உள்ள இருக்கிறது சாதாரணக் காத்துதான், ஆக்ஸிஜன் இல்ல) எடுத்துட்டுப் போகணும். மூடின கயாக்ல நடுக்கடல்ல இறங்கிட்டுத் திரும்ப ஏற முடியாது. ஒரு சர்ஃப் போர்டுல உட்காரவும் சாமான் வைக்கவும் பள்ளம் தோண்டினார். அங்க இருந்துதான் இன்னைக்கு நம்ம பாக்குற சிட்-ஆன்-டாப் கயாக். அவர் தொடங்கின கம்பெனிதான் ஓஷன் கயாக்.

கவனிங்க, அவருக்குத் தண்ணியில இருந்து ஏறுறது விபத்து இல்ல, தினசரி வேலை. கேள்வியே மாறிப் போச்சு. 'கவுந்தா என்ன பண்ணுவ'ன்னு இல்லாம, 'எத்தனை தடவை வேணா இறங்கி ஏறணும், அதுக்கேத்த படகு எது'ன்னு ஆயிருச்சு.

இந்தப் படகை ஏழைக்கும் இல்லாட்டியும் நடுத்தர வர்க்கத்துக்காவது கொண்டு வந்தது ரோட்டோமோல்டிங். பிளாஸ்டிக் பொடியை உலோக அச்சுக்குள்ள போட்டு, அடுப்புக்குள்ள ரெண்டு பக்கமாவும் சுத்த விடுவாங்க. பொடி உருகி அச்சோட உள்சுவர் முழுக்கப் பூசிக்கும். ஆற வச்சுத் திறந்தா ஒட்டே இல்லாத, உள்ள கூடான ஒரே துண்டு. உங்க மொட்டை மாடிக் கறுப்பு சின்டெக்ஸ் டேங்க் அப்படித்தான் செஞ்சது. கயாக்னு கடையில பாக்கிறது படுக்க வச்ச சின்டெக்ஸ் டேங்க்தான், மூடி போட்டு.

அப்புறம் ஹோபி. சர்ஃப் போர்டு செஞ்சுட்டு இருந்த ஹோபி ஆல்டர், 1960-கள் கடைசியில ரெண்டு உடல் பாய்மரப் படகு செஞ்சு 'ஹோபி கேட்'னு பேர் வச்சார். அந்த 'கேட்' பூனை இல்ல, நம்ம கட்டுமரத்தோட முதல் எழுத்து. அதே கம்பெனி 1997-ல் காலால மிதிச்சு ஓட்டுற கயாக் கொண்டு வந்துச்சு. கை ரெண்டும் தூண்டிலுக்கு. மீன்பிடி கயாக் சந்தையே அதுல மாறுச்சு.

நம்ம பக்கம் கட்டுமரம் என்ன ஆச்சுன்னா, 1980-கள்ல இருந்தே ஃபைபர் படகு வந்து குறைய ஆரம்பிச்சது. 2004 சுனாமியில மிச்சம் இருந்தது நிறைய போயிருச்சு. நிவாரணமா வந்ததும் பெரும்பாலும் ஃபைபர் படகுதான். மீனவர்களுக்கு அதுல வேகமும் தூரமும் கிடைச்சுது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்ல.

இப்போ தம்பி கேட்டதுக்கு வர்றேன்.

படகுல அங்கங்க ஓட்டை இருக்கும், மேல இருந்து அடி வரைக்கும் நேரா. பயப்படாத. அதுக்கு ஸ்கப்பர்னு பேர். நீமியரோட ஆரம்ப மாடல் ஒண்ணுக்குப் பேரே அதான். நீ உட்கார்ற தளம் கடல் மட்டத்துக்கு மேல இருக்கும், அதனால தெறிக்கிற தண்ணி ஓட்டை வழியா இறங்கிரும். கட்டுமர இடுக்கு மாதிரியே. ஆனா எடை அதிகமானா தளம் கடல் மட்டத்துக்குக் கீழ போகும், அதே ஓட்டை வழியா தண்ணி மேல ஏறும்.

அதனால முதல்ல பாக்க வேண்டியது எடை தாங்குற அளவு. விளம்பரத்துல போடுறது உச்ச வரம்பு. உன் எடை, சாமான், ஐஸ் பெட்டி, பிடிச்ச மீன் (நம்பிக்கை தானே எல்லாம்), மொத்தமும் அதுல மூணுல ரெண்டு பங்குக்குள்ள நிக்கணும். நீ 80 கிலோ, சாமான் 20 கிலோன்னா 150 கிலோ தாங்குறதா வாங்கு.

அகலமா இருந்தா ஆடாது, ஆனா மெதுவாப் போகும். நீளமா இருந்தா நேராப் போகும், ஆனா சட்டுன்னு திரும்பாது, தூக்கவும் கஷ்டம். மீனுக்கும் வேணும் ஜாலிக்கும் வேணும்னா 11-லிருந்து 12 அடி நீளம், 75-லிருந்து 80 சென்டிமீட்டர் அகலம். நின்னுட்டே தூண்டில் போடுற 90 சென்டிமீட்டர் அகல ராட்சசன் உப்பங்கழிக்கு நல்லது. அதை எதிர்க்காத்துல ஒரு மணி நேரம் தள்ளிப் பாரு, தோள்பட்டைக்கு என்கிட்டயே வருவ. உயரமான சீட் முதுகுக்கு சுகம், ஆனா நீ உயர உயர படகு ஆடும். முதல் படகுக்கு தாழ்வான சீட்டே போதும்.

பெடல் வேணாம்னு சொல்வேன், முதல் வருஷம் மட்டும். விலை, எடை ரெண்டும் ஜாஸ்தி. சாதாரண 12 அடி படகே 25, 30 கிலோ வரும். கடையில அதை நீ ஒருத்தனே தூக்கிப் பாரு. தூக்க முடியாத படகு வீட்டுலயே இருக்கும்.

அடுத்தது யாரும் சொல்லாதது. இந்தப் படகு மூழ்காதுன்னு கடைக்காரர் சொல்வார். உள்ள காத்து இருக்கிற வரைக்கும் மூழ்காது. ஹேட்ச் மூடி சரியா அமரல, பின்னாடி இருக்கிற தண்ணி வடிக்கிற மூடியைப் போட மறந்துட்ட, இல்ல ஸ்கப்பர் ஓட்டை ஓரமா சின்ன விரிசல்னா, உள்ள தண்ணி சத்தமே இல்லாம சேரும். மூடின கயாக்ல தண்ணி ஏறினா கால் நனையும், தெரிஞ்சிரும். இதுல தெரியாது. தாம்பாளத்துல தண்ணி வச்சுத் தூக்கிட்டு நடந்து பாரு, ஒரு பக்கம் சாய்ஞ்சா மொத்தமும் அங்கதான் ஓடும். படகும் அப்படித்தான் கவுக்கும். ஒவ்வொரு தடவை கரைக்கு வந்ததும் சாய்ச்சு, மூடியைத் திறந்து, எவ்வளவு வடியுதுன்னு பாரு. ஒரு டம்ளர்னா பரவாயில்ல. அரை வாளின்னா விரிசலைத் தேடு.

வாங்குறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்து இடுப்பளவு தண்ணியில வேணும்னே கவுத்துப் பாரு. லைஃப் ஜாக்கெட் போட்டுட்டு. எதிர்ப்பக்க விளிம்பைப் பிடிச்சு இழுத்துத் திருப்பு. நடுவுல நின்னு, காலைப் பின்னாடி உதைச்சு உடம்பை மிதக்க விட்டு, வயித்தைப் படகுக்குக் குறுக்க ஏத்து. அப்புறம் புரண்டு பின்பக்கத்தை சீட்ல வை. கடைசியாத்தான் கால். வயிறு, பின்பக்கம், கால், இந்த வரிசை. ஆழத்துல மூணு தடவை தொடர்ந்து ஏற முடிஞ்சா அந்தப் படகு உனக்கு சரி. முடியலைன்னா எவ்வளவு அழகா இருந்தாலும் வேற பாரு. ரொம்ப அகலமான படகுல எட்டிப் பிடிக்கவே கை போதாம போறதை நானே பார்த்திருக்கேன்.

நம்ம கடல் சூடான கடல், கிரீன்லாந்து இல்ல. ஆனா தண்ணி, காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை எடுத்துட்டுப் போகும். நம்ம ஊர்ல முதல்ல வர்றது குளிர் இல்ல, களைப்பு. சரக்கு அடிச்சிருந்தா அது இன்னும் சீக்கிரம் வரும். விடிகாலையில காத்து கரையில இருந்து கடலுக்கு அடிக்கிற நாள்ல, போகும்போது 'அடேங்கப்பா என்ன வேகம்'னு தோணும். அது உன் வேகம் இல்ல. முதல்ல காத்துக்கு எதிரா போ, திரும்பி வர்றப்போ அது தள்ளட்டும். முடியாத நாள்ல உப்பங்கழியோட நிறுத்திக்கோ. வடகிழக்குப் பருவமழை மாசங்கள்ல கடல் பக்கமே வேணாம்.

போனை உறையில போட்டு ஜாக்கெட்ல கட்டு, படகுல இல்ல. படகும் நீயும் பிரிஞ்ச பிறகு தானே போன் வேணும். கடலோரக் காவல் படை 1554, ஆம்புலன்ஸ் 108. விசில் ஒண்ணு. கரையில இருக்கிற மீனவ அண்ணன்கிட்ட எத்தனை மணிக்குத் திரும்புவேன்னு சொல்லிட்டுப் போ. அவர் 'இன்னைக்கு வேணாம் தம்பி'ன்னா, வானிலை ஆப் என்ன சொன்னாலும் வீட்டுக்குத் திரும்பு.

யாரையாவது தண்ணியில இருந்து எடுத்து மூச்சு இல்லைன்னா, வயித்தை அமுக்காதீங்க, தலைகீழாத் தூக்கிச் சுத்தாதீங்க. தண்ணி வெளிய வர்ற மாதிரி தெரியும், வயித்துல இருக்கிற சாப்பாடு நுரையீரலுக்குப் போகும். வாயோட வாய் வச்சு அஞ்சு மூச்சு முதல்ல, அப்புறம் நெஞ்சை அமுக்குறது. மூழ்கினவங்களுக்கு முதல்ல தேவை காத்து.

கமென்ட்ல ரெண்டு பேர் துடுப்பு நீளம் கேட்டிருக்கீங்க. 80 சென்டிமீட்டர் அகலப் படகுக்கு சராசரி உயரம்னா 230 சென்டிமீட்டர். குட்டைன்னா படகு ஓரத்துல இடிக்கும், ரொம்ப நீளம்னா தோள் வலிக்கும். படகுல காசு மிச்சம் பண்ணி, லேசான துடுப்பா வாங்குங்க. ஒரு மணி நேரத்துக்கு ஆயிரக்கணக்குல தூக்கப் போறது அதைத்தான்.

தம்பி நேத்து பதில் போட்டிருந்தார். முட்டுக்காடுல வாடகைக்கு எடுத்துக் கவுத்துப் பார்த்தாராம். முதல் மூணு தடவை ஏற முடியல, நாலாவது தடவை ஏறினாராம், கண்ணாடி மட்டும் தண்ணிக்குள்ள போயிருச்சாம். அதுக்கும் ஒரு கயிறு கட்டுப்பான்னு சொல்லியிருக்கேன்.